தொண்டு உள்ளமும் மதிப்பூதியமும்

எர்ணாகுளத்திலிருந்து வடக்கே ஆலுவாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தொழில் நகரம் களமசேரி. எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலை, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை இங்கு உள்ளன. ஏலூர் உரத் தொழிற்சாலையும் பெரியாற்றங்கரையில் அண்மையிலேயே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெரியாறு கரை கடந்தபோது ஆலுவா, பறவூர், ஏலூர்ப் பகுதிகளும் அவற்றை ஒட்டிய தாழ்நிலங்களும் நீரில் மூழ்கின. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அப்போது கடலோரத்திலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தனர். யாரும் அவர்களுக்கு ஆணையிட்டிருக்கவில்லை. கேரளம் முழுவதிலும் மீனவர்கள் மீட்டவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 65,000 என்பது மாநில அரசின் கணக்கு.

வெள்ளம் வடியத் தொடங்கியதும், மீட்புப் பணிக்கு வந்த படகுகளுக்கு எரிபொருளும் நாள் ஒன்றுக்கு ரூ. 3,000 தொகையும் வழங்கப்படும், சேதமடைந்த படகுகள் பழுது பார்த்துத் தரப்படும் என்று மாநில முதலமைச்சர் அறிவித்தார். நன்றியுணர்வோடு செய்யப்பட்ட அறிவிப்பு அது. குறை காண்பதற்கு அதில் எதுவும் இல்லை. ஆயினும் ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த ஓர் இளம் மீனவர் மக்கள் முன் தோன்றி அந்த 3,000 ரூபாயை வேண்டாம் என்றார். உடன்பிறந்தாரைக் காப்பாற்றியதற்குக் கூலி பெறுவது தங்களுக்கு வருத்தம் தருகிறது என்பதே அவர் கூறியதன் சாரம். படகுகளைப் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னதை மட்டும் அவர் வரவேற்றார்.

நாள்தோறும் உழைத்தால்தான் அடுப்பெரியும் நிலையில் உள்ள ஒருவர் 3,000 ரூபாயை மறுத்தது ஏன்? பழுது பார்க்கும் செலவை ஏற்றுக்கொண்டது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடையை அறியாமல் தன்னார்வத் தொண்டரை அறிந்துகொண்டதாக நாம் சொல்ல முடியாது. நம் நாட்டின் வளர்ச்சித் திட்டங்களில் கணிசமானவை தொண்டர்களின் தோள்மீதே ஏற்றப்பட்டுள்ளன. அத்தோள்கள் எதனால் வலுப்பெறுகின்றன, எதனால் தளர்கின்றன என்று ஆராய்வது வெறும் மனத்தத்துவ ஆர்வத்தினால் மட்டும் அன்று.

ஐம்பது ரூபாய்த் தொண்டர்

1977ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு கிராம மக்களுக்கான சமுதாய நலப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தாரே தேர்ந்தெடுத்த ஒருவருக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, எளிய மருந்துகளையும் கொடுத்து, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியமும் வழங்குவது திட்டம். அடுத்த ஆண்டு அதே காந்தி பிறந்த நாளில் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட பத்துக் கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் எழுத்தறிவிப்பது அதன் குறிக்கோள். இரவில் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு இங்கும் மாதம் 50 ரூபாயே.

அந்த 50 ரூபாயை ஊதியம் என்று சொல்வதற்கில்லை. குடும்பம் நடத்த அது போதாது. அதைத் தொண்டு என்று சொல்வதற்கும் இல்லை. மாதம் பிறந்தால் கையெழுத்திட்டுப் பெற வேண்டிய தொகையாக அது இருந்தது. பெறுபவர் தம்மை அரசின் கடைசிப் படியில் நிற்கும் பணியாளராகக் கருதலானார். அரசோ அவரைத் தொண்டர் என்றது. நலப் பணியாளர் என்ற பெயர் சில ஆண்டுகளிலேயே நலத் தொண்டர் என்றும் பின்னர் கிராம நல வழிகாட்டி என்றும் மாற்றப்பட்டது. ஒரே மனிதருக்கு நான்கைந்து ஆண்டுகளில் மூன்று பெயர்கள்! அவர் யார் என்பதில் திட்டம் வகுத்தோருக்கே தெளிவு இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எர்ணாகுளத்தில் நடந்தது

இப்பின்னணியில்தான் எர்ணாகுளம் மாவட்டத்தின் அனுபவத்தைக் காண வேண்டும். 1989ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அம்மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கமும், ஆட்சியர் கே. ஆர். ராஜனின் தலைமையில் மாவட்ட நிருவாகமும், ஓராண்டுக்கு முன் நிறுவப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதில் கைகோத்தன. களமசேரியின் தொழிலாளர் குடியிருப்புகளும் மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளும் வைப்பின் தீவின் மீனவர் குடில்களும் மாவட்டத்தின் கிழக்கே உள்ள மலையோரச் சிற்றூர்களும் இயக்கத்தின் எல்லைக்குள் அடங்கின. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிரதமர் வி. பி. சிங் அம்மாவட்டத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18இல் மாநிலம் முழுவதற்கும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது.

இயக்கத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர். அவர்களுக்கு 50 ரூபாயும் இல்லை, ஒன்றுமே இல்லை. பெரும்பாலோர் இளைஞர், அவருள்ளும் பெண்களே மிகுதி. ஆனால் இயக்கம் செலவில்லாமல் நடந்ததாக எண்ணிவிடலாகாது. பாடநூல்கள், பயிற்சி, முழுநேர ஒருங்கிணைப்பாளர்கள் ஆகியவற்றுக்கு அரசு நிதி செலவிடப்பட்டது. நேரம் முழுவதையும் கொடுப்பவருக்கு ஊதியம் உண்டு, மாலைப் பொழுதைக் கொடுப்பவருக்கு ஊதியம் இல்லை என்ற வரையறை தெளிவாக இருந்தது. ஐம்பது ரூபாய்த் திட்டங்களில் இல்லாமற் போனது இத்தெளிவுதான்.

அந்த இளைஞர்கள் எதற்காக வந்தனர்? தெருக்கூத்தும் பாட்டும் ஊர்வலமுமாகக் கலைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று அழைத்தன. அழைப்பு முதற் காரணம். படித்துவிட்டு வேலையின்றி வீட்டிலிருந்த ஒரு பெண்ணை ஊரே கூடி 'நீ ஆசிரியை' என்றது. அம்மதிப்பு இரண்டாவது காரணம். மாலையில் வீட்டைவிட்டு வெளியே செல்வதற்கு அவளுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. இதைச் சிறிய காரணமாக எண்ண வேண்டாம். ஈராண்டுக்குப் பின் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது நினைவிருக்கும். கற்பிக்கச் சென்றவளுக்கும் கற்க வந்தவளுக்கும் ஒருசேரக் கிடைத்த விடுதலை அது. தொண்டு என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் பெறுவது என்ற நம் எண்ணம் இங்கே உடைந்துபோகிறது.

ஆனால் வந்தவர்கள் ஓராண்டுக் காலம் நிலைத்து நின்றது வேறு காரணத்தால். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் பத்துப் பேர் அளவிலேயே இருந்தனர். அவர்களும் பக்கத்து வீட்டார். கற்றவர் நிமிடத்துக்கு 30 சொற்களைப் படிக்க வேண்டும், 7 சொற்களைப் பார்த்து எழுத வேண்டும் என்று தேசிய அளவுகோல் இருந்தது. அதை எட்டினரா இல்லையா என்பது கண்முன் தெரியும். முதியவர் சிலர் எழுத்தைக் கற்காததற்குக் காரணம் மந்தபுத்தியன்று, மங்கிய பார்வை என்று தெரிந்ததும் கண் பரிசோதனையும் மூக்குக் கண்ணாடி திரட்டுவதும் இயக்கத்தின் பணிகளாயின. பாடப் புத்தகத்தோடு சென்ற தொண்டர் கண்ணாடியோடு திரும்பி வந்தபோது, அவருக்கும் அந்த முதியவருக்கும் இடையே உருவான உறவுக்கு அரசாங்கப் பதிவேட்டில் பத்தி கிடையாது. தொண்டரை நிறுத்தி வைப்பது அந்த உறவே.

இயக்கம் முடிந்தபின் நேர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. நாள் குறித்து ஓடிய ஓட்டம் நின்றதும் தொண்டர் கூட்டம் கலைந்தது. தொடர்கல்வி மையங்களை நடத்தக் கேரளத்தில் பிரேரக்குகள் என்போர் மதிப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணிப் பாதுகாப்பும் உரிய ஊதியமும் வேண்டி அவர்கள் பின்னர்ப் போராட நேர்ந்தது. ஐம்பது ரூபாய்ச் சிக்கல் வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம்.

சிறு தொகையின் தீங்கு

மதிப்பூதியம் கொடுத்தால் ஆர்வம் கூடும் என்பது இயல்பான எண்ணம். இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்னும் பொருளியலார் இருவர் 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். இஸ்ரேலில் வீடு வீடாகச் சென்று அறப்பணிக்கு நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவினருக்குப் பணியின் சிறப்பை மட்டும் எடுத்துரைத்தனர். இரண்டாம் பிரிவினருக்குத் திரட்டும் தொகையில் நூற்றுக்கு ஒன்றும், மூன்றாம் பிரிவினருக்கு நூற்றுக்குப் பத்தும் ஆய்வாளர்களின் கைப்பொருளிலிருந்து தருவதாக வாக்களித்தனர். மிகுதியாகத் திரட்டியவர் ஒன்றும் பெறாத முதற்பிரிவினரே. மிகக் குறைவாகத் திரட்டியவர் நூற்றுக்கு ஒன்று பெற்றவர். நூற்றுக்குப் பத்துப் பெற்றவர் இடையில் நின்றனர்.

கூலி பேசப்படாத வரை அம்மாணவர் 'நான் நல்ல காரியம் செய்கிறேன்' என்று எண்ணுகிறார். கூலி பேசப்பட்டதும் 'இந்த வேலைக்கு இவ்வளவுதானா?' என்று கணக்கிடத் தொடங்குகிறார். தொகை சிறிதாக இருந்தால் அந்த வேலையும் சிறிதாகிவிடுகிறது. ஃபோர்ட் கொச்சி மீனவருக்கு எந்த ஆய்வும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 3,000 ரூபாயை வாங்கினால் தாம் செய்தது ஒரு நாள் வாடகைப் பயணமாக மாறிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஊர் தம்மை நோக்கித் திரும்பிப் பார்த்த அந்நாளின் பெருமையே அவர் பெற்ற ஊதியம். படகின் ஓட்டை அப்படிப்பட்டதன்று. அது அவர் அடைந்த இழப்பு. இழப்பை ஈடு செய்வது அரசின் கடமை. கூலிக்கும் ஈட்டுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நம் விதிமுறைகள் அவ்வளவு கூர்மையாகக் காண்பதில்லை.

இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக்குவதும் தவறு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் ரூ. 1,000 வழங்கப்பட்டது. வகுப்பெடுத்தவருள் பெரும்பாலோர் தம் தெருப் பிள்ளைகளுக்கே பாடம் சொன்ன பெண்கள். வீட்டில் வருவாய் ஏதும் தம் பெயரில் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய், மாலை நேரத்தை இதற்குக் கொடுக்கக் குடும்பத்தின் இசைவைப் பெறும் கருவியாகவும் அமையக்கூடும். பணம் என்ன பொருளைத் தாங்கி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு மணி

வெள்ளத்தில் படகோட்டுவதும் ஓராண்டு இயக்கத்தில் பங்கு பெறுவதும் ஒருவகைத் தொண்டு. கொட்டும் மழையும் முழங்கும் பறையும் இல்லாத நாட்களில், ஆண்டுக் கணக்கில், பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரைக் காணச் செல்வது இன்னொரு வகை. கேரளத்தில் இவ்விரண்டாம் வகைத் தொண்டரை எவ்வூரிலும் காணலாம்.

1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக்கான சங்கத்தை நிறுவினர். தீராத நோயுற்றவரின் வலியைத் தணித்து, எஞ்சிய நாட்களை அமைதியாகக் கழிக்க உதவுவது இச்சிகிச்சை. மலையாளத்தில் மக்கள் இதைப் 'பாலியேட்டிவ்' என்றே அழைக்கின்றனர். மருத்துவமனையில் இருந்துகொண்டு எல்லா நோயாளிகளையும் எட்ட முடியாது என்பது விரைவில் தெரியவந்தது. அதனால் அக்கம்பக்கத்தாரையே பயிற்றும் வலையமைப்பு மலப்புறம் முதலிய வட மாவட்டங்களில் உருவாயிற்று. 2008இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது; ஊராட்சிகளும் நகராட்சிகளும் செவிலியரை அமர்த்தி வீடுதேடிச் சென்று பேணும் திட்டங்களை மேற்கொண்டன.

அவ்வலையமைப்பில் தொண்டராகச் சேர விரும்புவோரிடம் கேட்கப்பட்டது வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். 16 மணி நேர வகுப்பும், மேற்பார்வையின் கீழ் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் இது சிறு நிபந்தனை. உண்மையில் இதனுள் ஆழ்ந்த அறிவு அடங்கியுள்ளது. உணர்ச்சி வேகத்தில் 'என் வாழ்நாள் முழுவதும்' என்று சொல்லி வருபவர் மூன்று மாதத்தில் காணாமற் போவார். இரண்டு மணி நேரம் என்று கணக்காகச் சொல்லி வருபவர் பத்தாண்டுக்குப் பின்னும் வருவார்.

செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டுவார். சிறுநீர்க் குழாயை மாற்றுவார். தொண்டர் படுக்கையின் அருகில் அமர்ந்து பேசுவார், அதைவிட, கேட்டுக்கொண்டிருப்பார். அவ்வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குச் செல்கிறதா, இரவெல்லாம் கண்விழிக்கும் மனைவி சாப்பிட்டாளா என்பவற்றைக் கவனித்து, ஊரில் சிறு சிறு தொகையாகத் திரட்டிய நிதியிலிருந்து ஆவன செய்வார். களமசேரி போன்ற தொழில் நகரில் ஓய்வு பெற்ற தொழிலாளியும், இல்லத்தரசியும், கல்லூரி மாணவரும் இப்பணிக்குப் பொருந்துவர்; இதற்குத் தனித் தகுதி ஒன்றும் இல்லை.

இத்தொண்டரிடம் 'ஏன் வந்தீர்கள்?' என்று கேட்டால் 'சமுதாயத்துக்கு என்னாலானதைச் செய்ய' என்ற விடை வரும். அது பொய்யன்று; ஆனால் மேடைக்குரிய விடை. தொண்டரை அறிய விரும்பும் அதிகாரி வேறு வகையில் கேட்க வேண்டும். முதன்முதலில் யார் உங்களை அழைத்தார்? எந்த வீட்டுக்குச் செல்கிறீர்கள்? எந்த நாளில் இதை விட்டுவிடலாம் என்று தோன்றிற்று? இவ்வாறு கேட்டால் விடைகள் வேறாக இருக்கும். தம் தந்தை வலியில் துடித்தபோது வந்து நின்ற ஒருவரை அவர் நினைவுகூரலாம், அல்லது எவரும் வராததை. ஓய்வு பெற்றபின் நாள் நீண்டு கிடந்ததைச் சொல்லலாம். நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்து வந்தார் என்று சிரிக்கலாம். அமெரிக்க உளவியலார் கிளாரி, ஸ்னைடர் முதலியோர் 1998இல் தொண்டுக்கான தூண்டுதல்களை ஆறாகப் பகுத்தனர்: கொள்கைப் பற்று, கற்கும் ஆவல், பிறரோடு பழகும் விருப்பம், தொழில் முன்னேற்றம், மனச்சுமையை ஆற்றிக்கொள்ளல், தன் மதிப்பு உயர்தல். இவ்வாறில் எதுவும் வெட்கப்பட வேண்டியதன்று. தன்னலக் கலப்பே இல்லாத தொண்டரைத் தேடும் நிருவாகம் தொண்டர் இன்றியே இருக்கும்.

பெயரை மாற்றினால் போதுமா?

தொண்டு உள்ளத்தின் வலிமையை இவ்வளவு கூறியபின், அவ்வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றியும் கூறியாக வேண்டும். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நல இயக்கத்தில் ஆஷா பணியாளர்கள் தொண்டர்கள் என்றே வரையறுக்கப்பட்டனர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்தல், தடுப்பூசிக்கு அழைத்து வருதல், கணக்கெடுப்பு, கொவிட் காலத்தில் தனிமைப்படுத்தப்பட்டவரைக் கண்காணித்தல் என அவர்களின் பணி ஆண்டுக்காண்டு பெருகிற்று. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக நல நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துச் சிறப்பித்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் கேரளத்தின் ஆஷா பணியாளருள் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் காலவரையற்ற போராட்டம் தொடங்கினர். அப்போது மாநில அரசு அளித்த மதிப்பூதியம் ரூ. 7,000. அவர்கள் கேட்டது ரூ. 21,000. போராட்டம் பல மாதங்கள் நீடித்தது.

3,000 ரூபாயை மறுத்த மீனவரும் 21,000 ரூபாய் கேட்ட ஆஷா பணியாளரும் ஒன்றுக்கொன்று மாறானவர்கள் என்று சிலர் கருதலாம். மீனவரைக் காட்டிப் பணியாளரைக் கடிந்துகொள்ளும் போக்கும் உண்டு. அது நேர்மையன்று. மீனவர் தாமே வந்தார். தாமே திரும்பிச் சென்றார். மறுநாள் வராவிட்டால் எவரும் விளக்கம் கேட்கப்போவதில்லை. ஆஷா பணியாளருக்கு இலக்கு உண்டு, படிவம் உண்டு, மேலதிகாரி உண்டு. நாள் முழுவதும் பணி உண்டு. வராதிருக்கும் உரிமை எங்கே இல்லையோ அங்கே தொண்டு என்ற சொல்லுக்கு இடமில்லை. அங்கே உரியது ஊதியம் என்ற சொல். 1977இன் நலப் பணியாளருக்குப் பெயர் மாற்றியதால் சிக்கல் தீரவில்லை என்பதை ஐம்பது ஆண்டு அனுபவம் காட்டியிருக்கிறது.

ஆதலின் ஊராட்சியோ நகராட்சியோ தொண்டரைத் திரட்டுமுன் அப்பணி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று எழுதிப் பார்க்கட்டும். இரண்டு மணி, நான்கு மணி என்றால் தொண்டரை அழைக்கலாம். இருபது, முப்பது என்று ஏறினால் பணியிடம் உருவாக்கி ஊதியம் கொடுக்க வேண்டும். தொண்டராக வருபவருக்குக் கூலி வேண்டாம். ஆனால் பேருந்துக் கட்டணமும், தொலைபேசிச் செலவும், மழைக்காலத்தில் குடையும், பணியின்போது விபத்து நேர்ந்தால் காப்பீடும் வேண்டும். இவை படகைப் பழுது பார்ப்பது போன்றவை. இத்தொகையைப் பெற ஆறு மாதம் அலுவலகத்துக்கு நடக்க வைத்தால் அவர் திரும்ப வரமாட்டார். வராததற்குக் காரணம் ஆர்வக் குறைவு என்று கோப்பில் எழுதப்படும்.